பூதிக்கும் பூதிக்கும் ஜோடி சேர்த்தும் கருப்புக் குஞ்சு வருதே, ஏனுங்க?

நாகலூர் தோட்டம் | செப்டம்பர் 6

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஏற்காட்டுல நாகலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்குது. சில்வர் ஓக்கு, மிளகு, நடுவுல கோழி. போன வருசம் தர்மபுரிப் பக்கம் ஒருத்தர்கிட்ட சிறுவிடை நாட்டுக்கோழியில பூதி நிறத்துல ஒரு சேவலும் மூணு பெட்டையும் வாங்கினேன். அந்த நிறத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. திருநீறும் இல்ல, கருப்பும் இல்ல. மழை வர்றதுக்கு முன்னாடி மேற்கால நிக்கிற மேகம் மாதிரி. சேவலுக்குக் கழுத்தும் முதுகும் கொஞ்சம் கருத்திருக்கும், பெட்டைக்கு ஒவ்வொரு இறகு ஓரத்துலயும் பென்சில்ல கோடு போட்டாப்புல இருக்கும். பனி மூடின காலையில காப்பிச் செடிக்கு நடுவுல மேயும்போது கண்ணுக்கே தெரியாது, அசைஞ்சாத்தான் தெரியும்.

இந்த நிறம் மட்டுமே நம்ம தோட்டத்துல நிக்கணும்னு ஆசைப்பட்டேன். வேற சேவல் ஒண்ணுகூடக் கிடையாது. ஜனவரியில ரெண்டு பெட்டையை அடைக்கு வெச்சேன். மொத்தம் 23 குஞ்சு. அதுல 12 பூதி, 6 முழுக் கருப்பு, 5 அழுக்கு வெள்ளை. அந்த அஞ்சும் வெள்ளைத் துணியில மை சிந்தின மாதிரி இருந்துது. வித்தவர் கலப்புக் கோழியைத் தலையில கட்டிட்டார்னு கோவம் வந்து, போன்ல நாலு வார்த்தை கேட்டுட்டேன். அவர் "என்கிட்டயும் இப்படித்தாங்க வரும்"னு சொல்லி வெச்சிட்டார்.

நிறத்தை நிறுத்த என்ன வழி? பூதியாவே பொறுக்கிப் பொறுக்கி நாலஞ்சு தலைமுறை சேர்த்தா நின்னுருமா?

ஓமலூர் பண்ணை | செப்டம்பர் 6

அண்ணா, பக்கத்துத் தோட்டத்துச் சேவல் வேலி தாண்டி வந்திருக்கும். நூத்துக்குத் தொண்ணூறு இதுதான் காரணம். முதல்ல அதைப் பாருங்க. கருப்புக் குஞ்சுன்னு சொல்றீங்களே, அடிவயிறு வெள்ளையா இருந்துச்சா? அப்படி இருந்தாலும் அது கலப்பு இல்ல. கருப்புக் கோழிக் குஞ்சு பொரிக்கும்போது வயிறும் இறக்கை நுனியும் வெளுத்துத்தான் இருக்கும், வளர வளரக் கருத்துடும். நிறைய பேர் இது தெரியாம ஒரு வாரத்துலயே கழிச்சிடறாங்க.

எடப்பாடி பெரியவர் | செப்டம்பர் 7

தம்பி, பூதி நிக்காது. எங்க அப்பா காலத்துல இருந்து பார்த்திருக்கேன். காகம்னா முழுக் கருப்பு, அது நிக்கும், செங்கீரி ஓரளவு நிக்கும், பூதி மட்டும் பிரிஞ்சுக்கிட்டே இருக்கும். அப்பா பூதிச் சேவலுக்குப் பூதிப் பெட்டையை விடவே மாட்டார். காகப் பெட்டையைத்தான் விடுவார். பாதி பூதி, பாதி காகம். வெளுத்த குஞ்சு ஒண்ணுகூட வராது. காரணம் கேட்டா "பூதி ரெண்டு சேர்ந்தா சாயம் போயிடும்டா"ம்பார். எனக்கு அதுக்கு மேல தெரியாது.

ஒண்ணு மட்டும் சொல்றேன். பேர்ல குழம்பாதீங்க. கீரின்னா எங்க பக்கம் ஒரு நிறம், ஆத்தூர்ப் பக்கம் போனா வேற நிறம். வல்லூறு, மயில் எல்லாத்துக்கும் இதே கதைதான். இறகைப் பார்த்துப் பேசணும்.

தலைவாசல் மாணவி | செப்டம்பர் 7

வணக்கம். கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டிலும் கோழி உண்டு. நாகலூர் அண்ணாவின் கணக்கைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாடத்தில் படித்த விகிதம் அப்படியே தோட்டத்தில் பொரித்திருக்கிறது!

பெரியவர் ஐயாவின் அப்பா சொன்னது முழு உண்மை. பூதி தனி நிறமே அல்ல. அது நீர்த்த கருப்பு. கருப்பை நீர்க்க வைக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் "புளூ" என்பார்கள். ஒவ்வொரு கோழியிலும் அந்த இடத்தில் இரண்டு பங்கு இருக்கும், அப்பன் தருவது ஒன்று, ஆத்தாள் தருவது ஒன்று. நீர்க்கும் பங்கு ஒன்றும் இல்லையென்றால் கோழி கருப்பு. ஒன்று மட்டும் இருந்தால் பூதி. இரண்டும் இருந்தால் கருப்பு மேலும் நீர்த்து, வெள்ளையில் சாம்பல் தெறித்ததாக வரும். அதற்கு ஸ்பிளாஷ் என்று பெயர்.

ஆக, பூதி என்றாலே ஒரு பங்கு நீர்ப்பது, ஒரு பங்கு நீர்க்காதது. இரண்டு பூதிகளைச் சேர்த்தால் நான்கில் ஒன்று கருப்பு, நான்கில் இரண்டு பூதி, நான்கில் ஒன்று ஸ்பிளாஷ். உங்கள் 23 குஞ்சில் எதிர்பார்க்க வேண்டியது பதினொன்றரை பூதி, ஐந்தே முக்கால் கருப்பு, ஐந்தே முக்கால் ஸ்பிளாஷ். வந்தது 12, 6, 5. எதிர்பார்த்ததற்கு மிக நெருக்கம். விற்றவர் ஏமாற்றவில்லை அண்ணா. வேலி தாண்டிய சேவலும் இல்லை. வேறு சேவல் வந்திருந்தால் ஸ்பிளாஷ் இவ்வளவு வந்திருக்காது.

8 குஞ்சுகள் மட்டும் பொரித்திருந்தால், பத்தில் ஒரு தடவை ஸ்பிளாஷ் ஒன்றுகூட இல்லாமல் போயிருக்கும். அப்போது வேறு முடிவுக்கு வந்திருப்பீர்கள். குஞ்சு எண்ணிக்கை கூடும்வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று சொல்வது இதற்குத்தான்.

நான்கு தலைமுறை என்ன, நாற்பது தலைமுறை பூதியையே பொறுக்கினாலும் பிரிந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் குஞ்சு அத்தனையும் பூதியாக வர ஒரே ஒரு ஜோடி இருக்கிறது: கருப்பும் ஸ்பிளாஷும். கருப்பு எப்போதும் நீர்க்காத பங்கைத்தான் தரும், ஸ்பிளாஷ் எப்போதும் நீர்க்கும் பங்கைத்தான் தரும். பிறக்கும் ஒவ்வொன்றும் பூதி. நீங்கள் அழுக்கு வெள்ளை என்று எழுதினீர்களே, அதுதான் உங்களுக்கு வேண்டிய கோழி.

நாகலூர் தோட்டம் | செப்டம்பர் 7

படிச்சு முடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில உக்காந்துட்டேம்மா. அஞ்சுல நாலை அடிமாட்டு விலைக்குக் கறிக்கு வித்துட்டேன். ஒரு சேவல் மட்டும் கால் லேசா நொண்டுதுன்னு யாரும் வாங்கல. முள்ளு குத்தினதுதான், இப்ப சரியாயிடுச்சு. ஏழு மாசம் முடிஞ்சு கூவுது. கருப்புல மூணு பெட்டை நிக்குது, மூணும் முட்டை வெக்குது.

தர்மபுரிக்காரருக்கு இப்பத்தான் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டேன். அவருக்கும் இந்தக் கணக்கைப் படிச்சுக் காட்டினேன். பத்து வருசமா வளர்க்கறார், அவருக்கும் தெரியாதாம்.

வாழப்பாடி வீட்டுக்கோழி | செப்டம்பர் 9

நடுவுல ஒரு சந்தேகங்க. நாமக்கல் பண்ணையில முட்டை முடிஞ்ச வெள்ளைக் கோழி நாலு வாங்கி, எங்க செவலைச் சேவலோட விட்டேன். செவப்புக் குஞ்சு பாதியாவது வரும்னு நினைச்சேன். ஒண்ணு விடாம வெள்ளை. சிலதுக்கு அங்கங்க கருப்புப் புள்ளி, சேவல் குஞ்சுக்குத் தோள்பட்டையில மட்டும் மஞ்ச செவப்பு. அதை விடக் கொடுமை, வெள்ளையா இருக்கறதால பருந்து கண்ணுக்கு முதல்ல அதுதான் படுது. ஆறு போயிடுச்சு. இதுவும் அந்த ஸ்பிளாஷா?

தலைவாசல் மாணவி | செப்டம்பர் 9

இல்லைங்க அக்கா, இது வேறு. பண்ணை முட்டைக்கோழியின் வெள்ளை லெகார்ன் என்ற சீமை இனத்தின் வழி வருவது. அதை ஓங்கு வெள்ளை என்பார்கள். ஒரு பங்கு இருந்தாலே போதும், கருப்பு நிறத்தை அடக்கிவிடும். அங்கங்கே கருப்புப் புள்ளி கசிவது ஒரு பங்குதான் இருக்கிறது என்பதற்கு அடையாளம். சிவப்பை அது அவ்வளவாக அடக்காது, அதனால்தான் சேவலின் தோளில் செம்மஞ்சள் தெரிகிறது.

வெள்ளை என்பது பெயிண்ட் மாதிரி. அடியில் என்ன இருக்கிறது என்று மேலே பார்த்தால் தெரியாது. பல லெகார்ன்களில் அந்த வெள்ளைக்கு அடியில் முழுக் கருப்பும் கோடு போட்ட நிறமும் ஒளிந்திருக்கும். இந்தக் குஞ்சுகளை அவற்றுக்குள்ளேயே சேர்த்தால் நான்கில் ஒன்று வெள்ளை நீங்கிப் பிறக்கும், அப்போது நீங்கள் பார்த்தே இராத நிறமெல்லாம் வரும்.

நிறத்தைவிட எனக்கு வேறொரு கவலை. முட்டைக்காகவே தேர்ந்தெடுத்த அந்தக் கோழிகளிடம் அடை உட்காரும் குணம் ஏறக்குறைய போய்விட்டது. உங்கள் சிறுவிடையின் பெரிய சொத்தே அடை உட்காருவதும் குஞ்சைக் கூட்டி மேய்ப்பதும்தான். வெள்ளைக் கலப்பை வீட்டுக் கோழியோடு மேலும் கலக்காமல் தனியாக வைத்துவிடுங்கள்.

எடப்பாடி பெரியவர் | செப்டம்பர் 10

அந்தப் பொண்ணு கடைசியில சொன்னதைத்தான் நான் இங்க எல்லாருக்கும் சொல்ல நினைச்சேன். நிறம் நிறம்னு ஓடி உடம்பைக் கோட்டை விட்டவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். கிளிமூக்கு விசிறிவால் வந்த புதுசுல மயில் நிறத்துக்கு ஒரு பைத்தியம் இருந்துச்சு. மூக்கு வளைவு இல்ல, கால் நெட்டை, நெஞ்செலும்பு கோணல், ஆனா நிறம் மயில். அதைப் போட்டிபோட்டு வாங்கினாங்க. ரெண்டு தலைமுறையில குஞ்சு நிக்கல.

சேவலைத் தூக்கிப் பாருங்க. கையில கனக்கணும். கால் நேரா நிக்கணும். கண்ணு தெளிவா இருக்கணும். நிறம் அதுக்கப்புறம். கருப்பு ஸ்பிளாஷ் ஜோடி சரிதான், நான் மறுக்கல. ஆனா அந்த ஸ்பிளாஷ் சேவலும் அந்தக் கருப்புப் பெட்டையும் ஒரே வயித்துப் பிள்ளைங்கன்னு யாரும் கவனிச்ச மாதிரி தெரியலையே?

தலைவாசல் மாணவி | செப்டம்பர் 10

நான் கவனிக்கவில்லை ஐயா. தவறுதான். அப்பன் ஒரே பூதிச் சேவல், ஆத்தாள் இரண்டில் ஒன்று. கூடப்பிறந்தவற்றை ஒரு தடவை சேர்த்தால் உடனே எதுவும் கெட்டுவிடாது, ஆனால் அதையே தொடர்ந்தால் பொரிப்பு குறையும், குஞ்சு மெலியும். இந்த ஒரு ஈடு போட்டு நிறத்தை உறுதி செய்துகொண்டு, அடுத்த ஈட்டுக்கு வெளியிலிருந்து உறவில்லாத கருப்பு கொண்டுவர வேண்டும். வெளியிலிருந்து வரும் கருப்பு நல்ல ஆழமான கருப்பாக இருந்தால் பூதியும் நன்றாக இருக்கும். ஸ்பிளாஷையும் பூதியையும் திரும்பத் திரும்பச் சேர்த்தவர்களின் பூதி வெளுத்துப்போய் இறகு ஓரக் கோடு மங்கிவிடுகிறது.

ஓமலூர் பண்ணை | செப்டம்பர் 12

வேலி தாண்டின சேவல்னு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், மன்னிக்கணும். நிறத்தை வெச்சு நான் பொழைக்கிற ஒரு விஷயத்தைச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

என்கிட்டக் கோடு போட்ட பிளைமவுத் ராக்ங்கற சீமை இனப் பெட்டை எட்டு இருக்குது. அதுக்கு நம்மூர்க் கருப்புச் சேவலை விடறேன். குஞ்சு பொரிச்ச அன்னைக்கே எது சேவல் எது பெட்டைன்னு பிரிச்சிடலாம். உச்சந்தலையில வெள்ளைப் பொட்டு இருந்தா சேவல், பொட்டு இல்லாம முழுக் கருப்புன்னா பெட்டை. பெட்டைக் குஞ்சுக்கு விலை கூட. வாங்கறவங்களுக்கும் நாலு மாசம் தீனி போட்டுட்டு "ஐயோ எல்லாம் சேவலா"ன்னு ஏமாற வேண்டியதில்ல.

மாத்திப் போட்டா, அதாவது கோடு போட்ட சேவலுக்குக் கருப்புப் பெட்டை விட்டா, இது வேலை செய்யாது. எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு வந்துடும். ஏன்னு எனக்குத் தெரியாது, தங்கச்சி சொல்லட்டும்.

தலைவாசல் மாணவி | செப்டம்பர் 12

சொல்கிறேன் அண்ணா, இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

மனிதர்களில் ஆண்தான் குழந்தை ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது. கோழியில் பெட்டைதான். சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. கோடு போடும் மரபணு இசட்டில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டை தன் ஒரே இசட்டைச் சேவல் குஞ்சுக்கு மட்டும்தான் கொடுக்க முடியும், பெட்டைக் குஞ்சுக்கு அவள் தருவது டபிள்யூ. ஆகவே கோடு போட்ட ஆத்தாளின் கோடு மகனுக்குப் போகிறது, மகளுக்குப் போவதில்லை. மகள் கருப்பு அப்பனின் இசட்டை வாங்கிக் கருப்பாகிறாள். மாற்றிப் போட்டால் அப்பன் இசட் மகன் மகள் இருவருக்கும் போகும், எல்லோருக்கும் பொட்டு.

வெள்ளி நிறம், பொன் நிறம் இரண்டும் இதே இசட்டில்தான். பொன் சேவலுக்கு வெள்ளிப் பெட்டை விட்டால் மகன்கள் வெள்ளி, மகள்கள் பொன். சந்தையில் எல்லோரும் "அப்பன் என்ன நிறம்" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். பெட்டையை யாரும் கேட்பதில்லை. கோடும் வெள்ளியும் வேண்டும் என்றால் மகளுக்கு அப்பனைப் பார்க்க வேண்டும், மகனுக்கு ஆத்தாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூதி அப்படியில்லை, அது இசட்டில் இல்லாததால் இரண்டு பக்கமும் சமம்.

ஒரு செய்தியும் சொல்ல ஆசை. மெண்டல் பட்டாணியில் கண்டது விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902இல் பேட்சன் என்ற ஆங்கில விஞ்ஞானி காட்டியது கோழிக் கொண்டையை வைத்துத்தான். நாம் இங்கே பேசுவது அந்த வழியில் வந்த பேச்சு.

அயோத்தியாப்பட்டணம் | செப்டம்பர் 15

குப்பனூர் வழியா மலைக்கு ஏறும்போது காட்டுக்கோழிச் சேவல் ரோட்டைக் கடந்து போறதைப் பார்த்திருக்கேன். உடம்பு அப்படியே சாம்பல். நம்ம பூதிக் கோழி எல்லாம் அதோட கலப்புல வந்ததுன்னு மலையில சொல்றாங்களே, நிஜமா?

இன்னொண்ணு. என்கிட்ட ஒரு ஜோடி வெளிர் சாம்பல் இருக்குது. அதுல கருப்பும் வரல, வெள்ளையும் வரல. 14 குஞ்சும் அதே வெளிர் சாம்பல். அப்ப மேல சொன்ன கணக்கு தப்பா?

தலைவாசல் மாணவி | செப்டம்பர் 15

கணக்கு தப்பில்லை, கோழிதான் வேறு. உங்களுடையது லாவெண்டர் என்று நினைக்கிறேன். உறுதி செய்ய இறகைப் பாருங்கள். பூதியில் இறகு ஓரம் கருத்திருக்கும், சேவலின் கழுத்து அடர்ந்திருக்கும். லாவெண்டரில் தலை முதல் வால் வரை ஒரே சீர், ஓரக் கோடு கிடையாது. அது ஒடுங்கு மரபணு. இரண்டு பங்கு இருந்தால்தான் நிறம் வரும், ஆகவே லாவெண்டருக்கு லாவெண்டர் சேர்த்தால் நிறம் மாறாமல் நிற்கும். கருப்போடு சேர்த்தால் குஞ்சு எல்லாம் கருப்பு, நிறம் போய்விட்டது என்று நினைப்பீர்கள், ஆனால் உள்ளே ஒளிந்திருக்கும். அந்தக் கருப்பு ஒவ்வொன்றும் ஒரு பங்கைச் சுமக்கும். இந்த நிறத்தில் வாலிறகு நார் நாராகப் பிரிகிற குறை அடிக்கடி வரும், அப்படிப்பட்டதைக் கழித்துவிடுங்கள். இறகு திடமாக இருக்க இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரு முறை நல்ல கருப்போடு சேர்த்து எடுப்பார்கள்.

காட்டுக்கோழி விஷயம்: பூதி நிறம் அதிலிருந்து வந்ததல்ல. நம் வீட்டுக் கோழியின் மூதாதை வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் சேர்வராயன் மலையில் நீங்கள் பார்த்த சாம்பல் காட்டுக்கோழி நம் வீட்டுக் கோழிக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறது: மஞ்சள் தோலும் மஞ்சள் காலும். 2008இல் வந்த ஆய்வு அதைக் காட்டியது. உங்கள் வீட்டில் மஞ்சள் காலோடு மேய்கிற கோழி அந்த உறவைக் காலில் சுமந்துகொண்டு நடக்கிறது.

நெறியாளர் | செப்டம்பர் 15

ஒரு வேண்டுகோள். காட்டுக்கோழியைப் பிடிப்பதும் அதன் முட்டையை எடுத்து அடை வைப்பதும் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது பற்றிய கேள்விகள் வேண்டாம். பந்தயம் பற்றிய பதிவு ஒன்றை நீக்கியிருக்கிறேன். நிறம், வளர்ப்பு மட்டும் தொடரட்டும்.

நாகலூர் தோட்டம் | அக்டோபர் 16

ஒரு மாசமா எழுதல, காரணம் இருக்குது. செப்டம்பர் 9ஆம் தேதி பழைய பூதிச் சேவலைச் செம்மடுவுல மச்சான் வீட்டுக்கு அனுப்பிட்டு, மூணு கருப்புப் பெட்டையையும் ஸ்பிளாஷ் சேவலோட கம்பி வலைக்குள்ள அடைச்சேன். அஞ்சு நாள் விட்டு, 14ஆம் தேதியில இருந்து முட்டை எடுத்தேன். பத்து முட்டை சேர்ந்ததும் பூதிப் பெட்டை ஒண்ணு அடைக்கு நின்னுது, அதுக்கு வெச்சேன். நேத்துப் பொரிச்சுது. ஒண்ணு கூமுட்டை, ஒண்ணு ஓட்டுக்குள்ளயே செத்திருந்துது. எட்டு குஞ்சு. ஆறு பூதி.

ரெண்டு கருப்பு.

ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன், விடிஞ்சு வெளிச்சத்துல பார்த்தேன். கருப்புத்தான். எல்லாமே பூதியா வரும்னு நம்பியிருந்தேம்மா.

தலைவாசல் மாணவி | அக்டோபர் 16

அண்ணா, மனம் விடாதீர்கள். அந்த இரண்டும் ஸ்பிளாஷ் சேவலின் பிள்ளைகளாக இருக்கவே முடியாது. அதனிடம் நீர்க்காத பங்கே இல்லை, எந்தப் பெட்டையோடு சேர்ந்தாலும் கருப்பு பிறக்காது. அப்பன் வேறு. வலைக்குள் வேறு சேவல் இல்லை. மிஞ்சுவது செம்மடுவுக்குப் போன பழைய பூதிச் சேவல்தான்.

கோழியின் உடம்பில் முட்டைக் குழாயில் விந்தைச் சேமித்து வைக்கும் நுண்ணிய பைகள் இருக்கின்றன. ஒரு தடவை சேர்ந்தால் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், கருவுற்ற முட்டை வரும். நீங்கள் ஐந்து நாள்தான் விட்டீர்கள். சேவலை மாற்றினால் மூன்று வாரமாவது கழித்த முட்டையைத்தான் கணக்குக்கு எடுக்க வேண்டும். இதை நான் செப்டம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஆறு பூதியும் யாருடையது என்று இப்போது சொல்ல முடியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பூதிச் சேவலுக்கும் கருப்புப் பெட்டைக்கும் பாதி பூதி பிறக்கும். இந்த ஈட்டை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள், முட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேவல் போய் இன்றோடு ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாளை முதல் எடுக்கும் முட்டை சுத்தம்.

ஓமலூர் பண்ணை | அக்டோபர் 17

இதோட ஒரு நோட்டும் போடுங்க அண்ணா. முட்டை மேல பென்சில்ல தேதி, பெட்டை அடையாளம். குஞ்சு பொரிச்சதும் கால் விரல் சவ்வுல சின்னதா ஒரு துளை. இடது வெளிச்சவ்வுன்னா இந்தப் பெட்டை, உள்சவ்வுன்னா அந்தப் பெட்டைன்னு வெச்சுக்கலாம். வளர்ந்ததும் கலர் வளையம். நான் மூணு வருசம் நோட்டு இல்லாம ஓட்டினேன், அந்த மூணு வருசமும் வீண்.

இன்னொண்ணு, பழைய பதிவுல உங்க போட்டோவைப் பார்த்தேன். கருப்புப் பெட்டையோட இறக்கையில குறுக்கால மெலிஞ்ச கோடு ஓடுது. தீனி என்ன போடறீங்க?

நாகலூர் தோட்டம் | அக்டோபர் 17

மச்சான் ஆத்தூர்ல இருந்து ஜவ்வரிசி ஆலைத் திப்பி, அதான் மாவெடுத்த கிழங்குச் சக்கை, மூட்டை மூட்டையா கொண்டாந்து போட்டார். நாலு மாசமா அதுவும் மக்காச்சோளமும்தான்.

ஓமலூர் பண்ணை | அக்டோபர் 17

அதுதாங்க. குச்சிக்கிழங்குத் திப்பியில மாவுதான் இருக்கும், புரதம் மிகக் குறைவு. இறகு ஏறக்குறைய முழுக்கப் புரதம். இறகு முளைக்கற நேரத்துல புரதம் பத்தலைன்னா அந்த இடத்துல இறகு மெலிஞ்சு கோடா நிக்கும், இழுத்தா அங்கதான் ஒடியும். கருப்புக்கு வெயில்ல துருப்பிடிச்ச மாதிரி பழுப்பு ஏறும், அது வேற. இறகு உதிர்ந்து புதுசு வந்தா சரியாயிடும்.

கரையான் போடுங்க. மண்பானையில காய்ஞ்ச சாணி, ஓலை, கிழிஞ்ச சாக்கு போட்டுத் தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கற இடத்துல சாயங்காலம் கவுத்து வைங்க. விடியக்காலையில எடுத்துத் தட்டினா குஞ்சுங்க கூட்டமா ஓடி வரும். கடலைப் புண்ணாக்கு கொஞ்சம் சேர்த்துக்குங்க, பூஞ்சை பிடிக்காததா பார்த்து. திப்பியைக் கால்வாசிக்கு மேல போடாதீங்க.

வாழப்பாடி வீட்டுக்கோழி | அக்டோபர் 20

நான் அந்த வெள்ளைக் கலப்பைத் தனியாப் பிரிச்சுட்டேங்க. செவலைச் சேவலை மறுபடி நம்ம பழைய பெட்டைகளோடயே விட்டிருக்கேன், மூணு வாரம் ஆகட்டும்னு காத்திருக்கேன். பக்கத்துல முனியப்பன் கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டவங்க கருஞ்சேவல், செஞ்சேவல்னு நிறம் சொல்லித்தான் கேட்டு வர்றாங்க. நிறம் அழகுக்கு மட்டும்னு இருந்தேன். பொம்பளைங்க கையில நாலு காசு வர்றதுக்கும் அதுதான் வழின்னு இப்பத் தெரியுது.

நாகலூர் தோட்டம் | நவம்பர் 19

எழுதும்போது கை நடுங்குதுங்க.

அக்டோபர் 17ல இருந்து 28 வரைக்கும் எடுத்த முட்டை 13. ஒவ்வொண்ணுலயும் தேதி, எந்தப் பெட்டைன்னு போட்டேன். 28ஆம் தேதி ராத்திரி அடை வெச்சேன். அடைமழை, மூணு நாள் கரண்ட் இல்ல, பனி கதவுக்குள்ள வந்து நிக்குது. பெட்டை எந்திரிக்கவே இல்ல. நான் போய்த் தீனியைக் கொத்த வெச்சாத்தான் உண்டு. நேத்துச் சாயங்காலம் 21 நாள். பதினோரு குஞ்சு.

பதினொண்ணும் பூதி. ஒண்ணுகூட மாறல. முதுகெல்லாம் அடுப்புச் சாம்பல் மாதிரி, வயிறு வெளுத்து, கண்ணு மட்டும் கருகருன்னு.

என் பொண்ணு ஆறாவது படிக்கறா. கட்டம் போட்டு நிறம் பிரிக்கறதை அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். பொரிக்கறதுக்கு முன்னாடியே நோட்டுல "பூதி" "பூதி"ன்னு 13 தடவை எழுதி வெச்சிருந்தா. ரெண்டு முட்டை கூமுட்டையாப் போனதுதான் அவளுக்கு வருத்தம்.

தர்மபுரிக்காரருக்கும் போட்டோ அனுப்பிட்டேன். அவர் தன்கிட்ட இருக்கற ஸ்பிளாஷ் பெட்டை ஒண்ணைக் கறிக்கு விடாம நிறுத்தி வெச்சிருக்காராம்.

தலைவாசல் மாணவி | நவம்பர் 19

அண்ணா, இந்தப் பதிவை எங்கள் விடுதியில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். பாப்பாவிடம் சொல்லுங்கள், அவள் எழுதி வைத்ததும் சரி, எண்ணிப் பார்த்ததும் சரி.

குஞ்சுக்கு ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து மறக்க வேண்டாம். மலைக்குளிரில் முதல் மூன்று வாரம் ராத்திரியில் பல்பு வெளிச்சம் போதாது, சூடும் வேண்டும். குஞ்சு பல்புக்கு அடியில் குவிந்து கிடந்தால் குளிர்கிறது, விலகி ஓரத்தில் நின்றால் சூடு அதிகம். ஐந்து மாதம் ஆகும்வரை எதையும் நிறத்துக்காகக் கழிக்காதீர்கள். குஞ்சு இறகு உதிர்ந்து பெரிய இறகு வந்தபிறகுதான் ஓரக் கோடு தெளிவாகும்.

எடப்பாடி பெரியவர் | நவம்பர் 20

அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார். அவர் காரணம் தெரியாமச் செஞ்சதுக்கு அந்தப் பொண்ணு காரணம் சொல்லிடுச்சு.

தம்பி, ரத்தம் மாத்தணும்னு பேசினோமே. என்கிட்டக் காகப் பெட்டை ரெண்டு இருக்குது. சிறுவிடைதான், பெருவிடைக் கலப்பு இல்ல. கருப்புல பச்சை மினுமினுப்பு அடிக்கும். கால் நேரு. எடை ஒண்ணே கால் கிலோ. உன் தோட்டத்துக்கு உறவே இல்லாத வழி. ஒண்ணை உனக்குத் தர்றேன், காசு வேண்டாம். அந்தப் பதினொண்ணுல ஒரு பூதிப் பெட்டை வளர்ந்ததும் எனக்குக் குடு. நம்ம வீட்டுக் காகச் சேவலுக்கு விட்டு, அப்பா செஞ்ச மாதிரியே பாதிக்குப் பாதி பார்க்கணும்னு இருக்குது.

நாகலூர் தோட்டம் | நவம்பர் 20

ஐயா, கண்டிப்பா. எந்த ஊருக்கு வரட்டும்?

எடப்பாடி பெரியவர் | நவம்பர் 20

சனிக்கிழமை கொங்கணாபுரம் சந்தைக்கு வந்துடு. ஆட்டுக் கூட்டம் கூடறதுக்கு முன்னாடி, அஞ்சரைக்கெல்லாம். சேவல் விக்கிற பக்கம் வேப்பமரத்துக்கிட்ட நிப்பேன். சாக்குல கட்டி எடுத்துட்டுப் போகலாம்னு வராதே, வால் ஒடிஞ்சிடும். மூங்கில் கூடை கொண்டா. கொண்டுபோய் மூணு வாரம் மத்த கோழியோட சேர்க்காம தனியா வெச்சிரு, சீக்கு ஏதாவது இருந்தா அதுக்குள்ள தெரிஞ்சிடும். முட்டைக் கணக்கும் அதுக்கு அப்புறம் ஆரம்பி.